சொர்ணத்தாய் படிக்காமல் விட்ட பக்கம்

எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு ஏப்ரலிலிருந்து இலவச மாத்திரை தரப்போவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. அது 2004ஆம் ஆண்டின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்த சொர்ணத்தாய்க்கு அந்தச் செய்தி அவசரத்தைத்தான் கொண்டுவந்தது. ஒரு கம்பெனியின் புது மருந்தைச் சோதிக்க, அதுவரை எந்த மாத்திரையும் சாப்பிடாத நோயாளிகள் தேவை. "ஏப்ரல் வந்துட்டா அப்படி ஆளு கிடைக்காது" என்றார் மேலாளர் நந்தகோபால்.

பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்க்கும் கடற்கரை என்ற நோயாளியைத் தேடிப்போய், ஒப்புதல் படிவத்தைப் படிக்கத் தொடங்கினாள்.

"போதும் தாயி. எங்க ஆட்டுக் கிடையிலயும் இப்படித்தான். பழைய ஊசிக்கு நோவு அடங்கலைன்னாத்தான் புது ஊசி போடுவோம். எனக்கும் பழசு ஒத்து வராதுன்னு டாக்டரு கண்டுபிடிச்சிட்டாராக்கும்."

அவருக்குப் பழைய மருந்தைக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. கொடுத்தால் பலன் கிடைக்கும். சோதனையில் சேராவிட்டாலும் ஏப்ரலிலிருந்து அந்தச் சிகிச்சை இலவசமாக உண்டு என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தது. சொர்ணத்தாய் அதைப் புரட்டிவிட்டு மை டப்பாவைத் திறந்தாள்.

"என்ன, பேச்சையே காணோம்? விரலை வெட்டிட மாட்டியளே?"

"இங்கன வைங்க அண்ணாச்சி."

அவள் பொய் சொல்லவில்லை. அவர் நினைத்ததைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஓராண்டு நிம்மதியாக இருந்தாள்.

பிறகு கடற்கரை மெலிந்தார். புது மருந்து அவருக்குப் பலிக்கவில்லை. அதோடு, அதே வகையைச் சேர்ந்த இலவச மாத்திரைகளுக்கும் அவர் உடம்பிலிருந்த கிருமி இனி அடங்காது என்றார் மருத்துவர்.

சொர்ணத்தாய் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பழசையே கேட்டிருப்பேனே" என்றார். கோபம் அப்புறம்தான் வந்தது. "இன்னும் எத்தன பேருக்கு அந்தப் பக்கத்தைப் படிக்காம விட்டிய?"

"பதினோரு பேருக்கு."

"அவியகிட்ட போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட அழுது என்ன ஆவப்போவுது?"

போனாள். நான்கு வீடுகளில் சொன்னாள். ஐந்தாவது வீடு எட்டயபுரத்தில். அங்கிருந்த பெண்ணுக்குப் புது மருந்தில் உடம்பு தேறியிருந்தது. "நீங்க நல்லாருக்கணும்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணத்தாய் காப்பியைக் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் பஸ் ஏறினாள். மீதி ஆறு வீடுகளுக்கு அவள் போகவில்லை.