காப்புக் கட்டிய ஊரும் அண்ணனின் ஓட்டமும்

எங்கள் அண்ணன் மறைந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். காப்புக் கட்டிய ஊருக்குப் பொழுது விழுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று, பஸ் நின்றுபோன இடத்திலிருந்து ஓடியே வந்தாராம். அம்மன் மேல் அவ்வளவு பக்தியாம். திருவிழாதோறும் மேடையிலும் இதையே சொல்கிறார்கள். கதை பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி தெரிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் மிச்சம். இந்த முதலாண்டு நினைவு நாளில் அதை எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அண்ணன் பிறந்தது கீரனூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில். அப்பாவுக்குக் கொஞ்சம் புன்செயும் ஒரு கிணறும் இருந்தன. கடலை போடுவோம், வரகு போடுவோம், மழை ஏமாற்றினால் கடனேயென்று உட்கார்ந்திருப்போம். காலையில் மாடு பூட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து முடித்த பிறகுதான் அப்பா அண்ணனைப் பள்ளிக்கு விடுவார். மணியடிப்பதற்குள் கீரனூர் போய்ச் சேர வேண்டுமானால் ஓடத்தான் வேண்டும். ஆசைப்பட்டு ஆரம்பித்த ஓட்டமில்லை அது.

அதைக் கண்டுபிடித்தவர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். எல்லோரும் அவரை ராவுத்தர் வாத்தியார் என்று கூப்பிடுவோம். ஒரு நாள் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"பையன் காலுல ஓட்டம் இருக்குங்க. தீனிதான் பத்தாது," என்றார் அப்பாவிடம்.

அப்பா என்ன சொல்வார்? யுத்த காலம். அரிசியே அளந்து கொடுத்த நாட்கள். ஆனால் வாத்தியார் சொன்னது ஊருக்குள் பரவிவிட்டது. மறுநாள் மேலத் தெருவிலிருந்து ஒரு செம்பு பால் வந்தது. அதற்கடுத்த நாள் இன்னொரு வீட்டு முட்டை. இன்றைக்கு யார் வீட்டுப் பால் என்று பெண்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். தன் பிள்ளைக்குத் தண்ணீர் கலந்து ஊற்றிவிட்டு அண்ணனுக்குக் கெட்டிப் பாலாகக் கொடுத்தனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அண்ணன் வேண்டாம் என்றால் சண்டைக்கு வருவார்கள்.

ராவுத்தர் வாத்தியார் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். "வெளிநாட்டுல ஓடுறவனுக்குன்னு தனித் தரை இருக்கு, காலுக்குச் சப்பாத்து இருக்கு, கூடவே டாக்டர் இருக்காரு. நமக்கு இந்த ஊருதான் இருக்கு. பாப்போம்."

அப்படியிருக்கும்போதுதான் திருச்சியில் தேர்வுப் பந்தயம் வைத்தார்கள். அதில் முதலில் வருகிறவன் பட்டணத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போவான். அங்கேயும் ஜெயித்தால் வடக்கே போகலாம். எங்கள் ஊர் ராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தது, திருச்சி வெள்ளைக்காரர் ஜில்லா. சமஸ்தானத்துப் பையனையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியார் நடையாய் நடந்து இடம் வாங்கியிருந்தார். பந்தயத் தேதி வந்தது. அது மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய வாரத்துக்குள் விழுந்தது.

காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊரில் வீடுகளில் தாளிக்க மாட்டார்கள், முட்டை கூடாது, ஊரில் பிறந்தவர் யாரும் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. முந்தின வருஷம்தான் காலரா வந்து போயிருந்தது. பிணம் விழாத தெரு கிடையாது. அந்தப் பயத்தை அனுபவிக்காதவர்கள் இதை மூட நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். என்னால் முடியாது.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "பய ஓடட்டும், வேணாங்கல. ராத் தங்கிட்டான்னா ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?"

"தங்க வேண்டியதில்லைங்க," என்றார் வாத்தியார். "காலையில கூட்டிப் போயிட்டுச் சாயங்காலம் கொண்டாந்து விட்டுர்றேன். நான் பொறுப்பு."

"நீங்க வெளியூருங்க வாத்தியாரே. அவுங்க அப்பன் சொல்லட்டும்."

அப்பா எழுந்தார். "கோயில்ல வெளக்கு ஏத்துறதுக்குள்ள எம் மகன் எல்லக்கல்லுக்கு இங்கிட்டு நிப்பான். நிக்காட்டி, நானும் எங் குடும்பமும் ஊரோட சேர்த்தி இல்ல."

ஊரைவிட்டுத் தள்ளினால் ஊர்க் கிணற்றில் குடிதண்ணீர் கிடையாது, நெருப்புக் கிடையாது, சாவுக்கு ஆள் வராது. எனக்கு அப்பா மேல் வந்த கோபம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை. அண்ணனின் காலில் எங்கள் எல்லோரையும் கட்டிவிட்டார்.

திருச்சியில் நடந்ததை அண்ணனும் வாத்தியாரும் பிறகு சொல்லித்தான் நான் அறிவேன். பிற்பகலில் தொடங்க வேண்டிய பந்தயம் தொடங்கவில்லை. தலைமை தாங்க வேண்டிய பெரிய மனிதர் வரவில்லையாம். எந்த நேரமும் வந்துவிடுவார் என்று சொல்லி ஓடுகிறவர்களை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருடைய நாற்காலிக்கு மட்டும் பந்தல் போட்டிருந்தது. வாத்தியார் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். ஊரில் காப்புக் கட்டியிருப்பதைச் சொன்னதும் ஒருவர், "அப்பப் பையன வீட்டுலயே வச்சிருக்கலாமே," என்று சிரித்தாராம்.

வாத்தியார் அண்ணனிடம் வந்தார். "இப்பக் கெளம்புனா நிம்மதியா ஊர் போயிரலாம். ஓடிட்டுப் போனாக் கடைசி பஸ்ஸு. அது கெடைக்குமோ கெடைக்காதோ. நீதான் சொல்லணும்."

"ஓடிட்டே போறேன் சார்," என்றாராம் அண்ணன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பல வருஷம் கழித்துக் கேட்டேன். "ஊருப் பூராப் பால் குடிச்சிருக்கேன் தங்கச்சி. ஓடாம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புறது?" என்றார்.

பெரிய மனிதர் ஒருவழியாக வந்தார், மாலை போட்டார்கள், பேசினார்கள், பிறகு பந்தயம் விட்டார்கள். அண்ணன் வெறுங்காலோடு ஓடி முதலில் வந்து கயிற்றை அறுத்தார். அறுத்தவர் நிற்கவில்லை. அப்படியே மைதானத்து வாசல் வழியாக வெளியே ஓடினார். பந்தயம் முடிந்ததுகூடத் தெரியாத பட்டிக்காட்டான் என்று கூட்டம் சிரித்தது. வாத்தியார் பரிசையும் பெயரையும் பார்த்துக்கொள்வதற்காகப் பின்தங்கினார்.

கடைசி பஸ் கிடைத்தது. பெட்ரோல் இல்லாத காலம், பின்பக்கம் அடுப்பு வைத்துக் கரிப்புகையில் ஓட்டுவார்கள். மாத்தூர் தாண்டியதும் அது மூச்சு வாங்கி நின்றது. டிரைவர் அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு, "இது இப்பத்திக்குக் கெளம்பாது. எறங்கிக் காத்தாட நில்லுங்க," என்றார். அண்ணன் மேற்கே பார்த்தார். சூரியன் பனைக்குக் கீழே வந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

இந்தப் பக்கம் நாங்கள் எல்லைக்கல்லருகே நின்றிருந்தோம். ஊரே நின்றது. அப்பா கல்லுக்கு உட்புறம் தனியாக நின்றார். அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு விரல் மரத்துப்போனது. வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில், கோயில் வாசலில் பூசாரி அகலோடு தயாராக இருந்தார்.

அம்பலகாரர் அங்கே போய் அகலை எட்டிப் பார்த்தார். "திரி சரியில்லையே. வேற திரிச்சுப் போடு," என்றார்.

பூசாரி வேறு திரி போட்டார்.

"எண்ணெயில தூசி கெடக்கு பாரு. மாத்து."

பூசாரிக்குப் புரிந்துவிட்டது. எண்ணெயை மாற்ற அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு செக்கே ஆட்டியிருக்கலாம். அம்பலகாரரை அன்றுவரை எனக்குப் பிடிக்காது. அன்றிலிருந்து பிடிக்கும்.

மூன்றாவது குற்றம் கண்டுபிடிப்பதற்குள் ரோட்டில் ஒரு உருவம் தெரிந்தது. தள்ளாடித் தள்ளாடி வந்தது. அண்ணன் கல்லைத் தாண்டிய பிறகுதான் விழுந்தார். பாதம் இரண்டும் கிழிந்து ரத்தமும் புழுதியுமாக இருந்தன. பெண்கள் குலவையிட்டார்கள், கொட்டு முழங்கியது, விளக்கு ஏறியது. ஆத்தா இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று சொல்லி அண்ணனைக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். பால் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். பந்தயம் என்ன ஆயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் காலுக்கு வெந்நீர் ஊற்றும்போது நான்தான் கேட்டேன். "ஜெயிச்சியாண்ணே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். முற்றத்தில் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "இப்பச் சொல்லாத. மேடைக்கு நிக்காம வந்துட்டேன், என்ன ஆகும்னு தெரியல. அப்பா சந்தோசமா இருக்காக," என்றார் அண்ணன்.

திருவிழா முடிந்து வாத்தியார் வந்தார். மேடைக்குக் கூப்பிட்டபோது வராதவனைப் பட்டணத்துக்கு அனுப்ப முடியாது, பெரிய மனிதருக்கு அது மரியாதைக் குறைவு என்று சொல்லி இரண்டாவதாக வந்தவன் பெயரை எழுதிவிட்டார்களாம். அண்ணன் கமலையை நிறுத்தாமலே கேட்டார், இது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார். மாடுகள்தான் அன்று அதிகம் அடி வாங்கின. இங்கே ஓடுகிறவனுக்குப் பால் கொடுக்க நூறு கை நீளும், வழிவிட ஒருவரும் நகர மாட்டார்கள். திருச்சியிலும் அப்படித்தான், எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

அண்ணன் பிறகு தாமே டிரில் மாஸ்டரானார். ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தார், அண்ணியைக் கைப்பிடித்தார், இரண்டு பிள்ளைகளை ஆளாக்கினார். விளையாட்டு விழாவில் பிள்ளைகளை நிழலில் உட்கார வைப்பார். சொன்ன நேரத்துக்குப் பந்தயத்தை விடுவார், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும். ஒருமுறை விருந்தினர் மாலையோடு வந்து சேர்ந்தபோது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுதான் மிச்சம் இருந்தது. மாற்றல் உத்தரவு வந்தது. போன ஊரிலும் அதையேதான் செய்தார்.

கடைசி மாதங்களில் நடை நின்றுவிட்டது. கட்டிலில் இருந்தபடியே, வாசலில் யாராவது ஓடும் சத்தம் கேட்டால் தலையைத் திருப்புவார். ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார்.

நோயில் உடனிருந்த அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த ஊராருக்கும், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்றும் வந்து நிற்கும் ராவுத்தர் வாத்தியாரின் பேரப் பிள்ளைகளுக்கும், அன்று முறை வைத்துப் பால் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த திருவிழாவில் மேடையேறி அந்தக் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த பால் வீண்போகவில்லை, அன்று திருச்சியில் அண்ணன்தான் முதலில் வந்தார்.