உடும்பு சூப் குடித்த வனக்காவலன்

வனவிலங்குக் காவலர் பயிற்சியின் கடைசி வாரம். சட்ட வகுப்பு, தலைமைத்துவ வகுப்பு எல்லாம் ஜார்ஜ் டவுனில் குளிர்சாதன அறையிலேயே முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்றுதான். ஆளுக்கொரு குடியிருப்பில் மக்களைக் கூட்டிப் பேச வேண்டும். நாங்கள் ‘புவான்’ என்று மரியாதையாக அழைக்கும் மலாய்க்காரப் பெண் அதிகாரி பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். தேறினால்தான் வேலை நிரந்தரம்.

தெரிந்தவர்களிடம் பேசுவது சுலபம் என்று ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியையே எழுதிக் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் கீழ்வீட்டு மாமா ஞாபகத்துக்கு வந்தார். ஆற்றோரம் கம்பிச் சுருக்கு வைத்து உடும்பு பிடிப்பவர். இழுப்புக்கு மருந்தென்று அந்தக் கறியைத் தேடி வந்து வாங்குவார்கள். லைசன் இல்லாமல் உடும்பு பிடிப்பது குற்றம் என்று சொல்லத்தான் நான் மைக் பிடிக்கப் போகிறேன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்பாவிடம் போனேன்.

“மாமாவ மட்டும் வர வேணாம்னு சொல்லிடுங்கப்பா.”

“மொத வரிசையில ஒக்காரணும்னு நேத்தே சொல்லிட்டேன் லா.”

அப்பா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். பேசிக்கொண்டே என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை, கீழ்த்தள மண்டபம். திரையில் உடும்புப் படம் வந்ததும் மாமா எழுந்தார்.

“ஒரு சந்தேகம் தம்பி. சின்னப் புள்ளையில ஒனக்கு இழுப்பு. மூச்சு விட முடியாம கெடப்ப. யாரு குடுத்த சூப்புல இன்னிக்கு மைக் புடிச்சிப் பேசுற?”

“அதான் லிப்ட்டு கெட்டாலும் செவுத்துல ஏறிப் போயிடுறான்!” என்றார் ஒரு அக்கா. மண்டபமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார்.

என்ன கேட்கிறார் என்று புவான் மலாயில் கேட்டார். வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் கூட்டாதே, குறைக்காதே என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். நானோ, “பழைய கைமருந்து பற்றிக் கேட்கிறார்” என்று மழுப்பினேன்.

பதற்றத்தில், மாமாவுக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும் என்பதையே மறந்துவிட்டேன். “அது இல்லை புவான், இந்தப் பையனுக்கு உடும்பு சூப் கொடுத்தேன், அதைச் சொன்னேன்” என்று அவரே மலாயில் விளக்கிவிட்டார். புவான் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“இப்போதும் பிடிக்கிறாரா? நீயே கேள்.”

கேட்டேன். “மாமா, இப்பவும் சுருக்கு வெக்கிறீங்களா?”

அவர் முகம் மாறிவிட்டது. “எங்க வூட்டுப் புள்ளையா கேக்குறியா, ஆபீசரா கேக்குறியா?”

“ஆபீசராத்தான் மாமா.”

“அப்ப இல்லன்னு எழுதிக்க.”

இந்த முறை மாற்றாமல் சொன்னேன். “இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார், புவான்.” அவர் தாளில் ஏதோ எழுதினார்.

தேறிவிட்டேன். அப்பா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது அந்த ஆற்றோரம் என் ரோந்துப் பகுதி. புல்லை விலக்கும்போதெல்லாம் கையில் கம்பி தட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வேன். வீடு திரும்பும்போது மாமா கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

“என்னா ஆபீசர், ஏதாச்சும் கெடச்சிச்சா?”

“இல்ல மாமா.”

இதுவரைக்கும் அது உண்மைதான். நாளைக் காலையும் போய்ப் பார்க்க வேண்டும்.