மாமா என் கையில் கொடுத்த தாம்பூலத் தட்டு

போன வாரம் மாமா போன் செய்தார். எங்கள் பழைய கடைவீதி இருந்த இடத்தில் நிற்கிறதே ஒரு மால், அதை இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறார்களாம். பூமி பூஜைக்கு நான் வந்து முதல் செங்கல்லை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். "உன் கை ராசியான கைம்மா. வேற யாரையும் எனக்குத் தோணல. உங்கம்மாகிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லாத" என்றார். அறுபதைத் தாண்டிய மனிதரை என்ன திட்டுவது என்று போனை வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அவருக்கு என் கைதான் வேண்டியிருக்கிறது.

அந்தக் கடைவீதி தஞ்சாவூருக்கு வெளியே, டாக்டர்களும் பேராசிரியர்களும் வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் பங்களா கட்டிக் குடியிருந்த ஒரு நகரில் இருந்தது. அவர்களுக்கென்றே கட்டிய கடைகள். முன்னால் கார் நிறுத்த இடம், தூண் வைத்த நீளமான வராந்தா, எல்லாக் கடைக்கும் கண்ணாடிக் கதவு. கேக் கடை, வாட்ச் கடை, பொம்மைக் கடை, செருப்புக் கடை என்று வரிசையாகப் போய்க் கடைசியில் அம்மாவின் மேட்சிங் சென்டர். சம்பா அறுவடை முடிந்து தை பிறந்துவிட்டால் குத்தாலத்திலிருந்தும் முத்துப்பேட்டையிலிருந்தும் கல்யாண வீட்டார் வருவார்கள். பட்டைக் கும்பகோணத்தில் எடுத்துவிட்டு ரவிக்கைத் துணிக்கு அம்மாவைத் தேடி வருவார்கள். அம்மா புடவைத் தலைப்பையும் துணியையும் வராந்தா ஓரத்துக்குக் கொண்டுபோய் வெயிலில் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பாள். டியூப் லைட்டில் ஒரே அரக்காகத் தெரிந்த இரண்டும் வெயிலில் வேறு வேறாகிவிடும். பொருந்தாவிட்டால், வாங்குகிறேன் என்று அவர்களே சொன்னாலும் கொடுக்க மாட்டாள். அப்பா மஸ்கட்டில் இருந்தார், பணம் ஒழுங்காக வராது. எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கடை.

நான் நான்காவது படித்த காலத்தில் வீதி நொடிக்க ஆரம்பித்திருந்தது. டவுனில் மாடி மேல் மாடியாகத் துணிக்கடைகள் வந்துவிட்டன. கார் வைத்திருந்தவர்கள் திருச்சிக்கே போய் வாங்கினார்கள். வராந்தா விளக்கில் பாதி எரியாது. பொம்மைக் கடைக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்த பழுப்புக் கரடி வெளுத்துப்போய், அதையும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் கை ராசியானது. ஒரு நாள் காலையில் கேக் கடையில் முதல் ஆளாக ஒரு பன் வாங்கினேன். அன்று மத்தியானம் ஏதோ ஒரு கல்யாணத்துக்கு கடைக்காரருக்கு மொத்தமாக ஆர்டர் வந்துவிட்டது. அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வீதி முழுக்க முதல் போணி நான்தான் செய்ய வேண்டும். பள்ளிக்கூடம் போகும் வழியில் கடை கடையாக ஏறி அழிப்பான், ஷூ லேஸ், வாட்சுக்கு ஒரு வார் என்று ஏதாவது வாங்குவேன். காசையும் அவர்களே முன்கூட்டிக் கொடுத்து வைத்திருப்பார்கள்! நான் அதைத் திருப்பிக் கொடுத்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார்கள். வியாபாரம் குறையக் குறைய என் கையின் ராசி கூடிக்கொண்டே போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் என்னிடம் போணி வாங்கிக்கொண்டதே இல்லை. "போடி, போய்ப் படிக்கிற வழியப் பாரு" என்பாள்.

மாமா அம்மாவின் தம்பி. எந்த வேலையிலும் நிலைத்ததில்லை, ஆனால் சட்டை மட்டும் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். கட்டட முதலாளிக்குக் கடைகளை இடித்து மால் கட்டும் ஆசை வந்தது. பழைய வாடகைக்காரர்கள் மனமொப்பிக் காலி செய்தால்தான் நடக்கும். அவர்களைச் சம்மதிக்க வைக்கும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் மேஜை போட்டு வரைபடத்தை விரித்தார்.

"ஒரே வருஷம். அதே இடம், அதே கடை. கூட ஏசி, நகரும் படிக்கட்டு. ஜனம் வந்து கொட்டப் போவுது பாருங்க."

எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா குனிந்து படத்தைப் பார்த்தாள். "இதுல வெயில் எங்கேருந்து வருது தம்பி?" என்று கேட்டாள்.

சிரித்தார்கள். மாமாதான் அதிகமாகச் சிரித்தார். "மால்ல எதுக்குக்கா வெயில்?"

"அப்ப நான் கடையக் காலி பண்ணல" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள். அக்காவே நம்பாத தம்பியை மற்றவர்கள் எப்படி நம்புவார்கள்? கூட்டம் அத்தோடு கலைந்தது.

அடுத்த வாரம் மாமா எனக்கு ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப் பாவாடை வாங்கி வந்தார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் பூஜை என்றார். அந்தப் பாவாடைக்குச் சட்டைத் துணியை அம்மாதான் வெயிலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள், இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். தன் கடைக்கு உலை வைக்கப் போகிற காரியத்துக்கு அவளையே சட்டை தைக்க வைத்தாரே, அது எப்பேர்ப்பட்ட மனசு!

வெள்ளிக்கிழமை மாமா என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போகவில்லை. நேரே கடைவீதிக்குக் கூட்டி வந்தார். முதலாளியும் மால் கட்டும் ஆளும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரிய பித்தளைத் தட்டு ஒன்றை மாமா என் கையில் வைத்தார். நிறைய வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவில் ஒரு தேங்காய். "போணி பண்ற மாதிரிதான் பாப்பா. ஒவ்வொரு கடையா போய் நீட்டு. எடுத்துக்கச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் தாம்பூலத்தை எடுத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று பொருள். அதன்பின் பேச்சு மாறக் கூடாது. மாமாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

கேக் கடைக்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் தட்டைப் பார்த்தார், என் பாவாடையைப் பார்த்தார், கடைசியில் இருந்த அம்மாவின் கடையைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள், அவர்களும் நீட்டவில்லை. தட்டு கனத்தது. தேங்காய் ஒரு பக்கமாக உருண்டது. என் கையிலிருந்து யாரும் எதையும் மறுத்ததில்லை, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு பெரியவர், "பொம்பளப் புள்ள ஏந்தின தட்டைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்க, நல்லதில்ல" என்று முணுமுணுத்தார்.

அம்மா கழுத்தில் அளவு டேப்போடு வேகமாக வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மா இரண்டு கையையும் நீட்டித் தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவே விரும்பி முதலில் எடுத்தாள் என்று நான் பூரித்துப் போனேன். பெற்ற பெண்ணின் கையில் தட்டு தங்கிப்போக அவள் விடமாட்டாள் என்று மாமா முன்பே கணக்குப் போட்டிருந்தார்.

ஒரு வருஷம் என்றது இழுத்துக்கொண்டே போனது. மால் வந்தபோது அம்மாவுக்குக் கிடைத்தது இரண்டாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு மூலை. வாங்கிப் போனவர்கள் துணியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "மண்டபத்துல பார்த்தா வேற கலரா இருக்குங்க" என்றார்கள். அம்மா புடவையைத் தூக்கிக்கொண்டு கீழே தெருவுக்கு ஓடி ஓடிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டு, டவுனில் ஒரு துணிக்கடையில் ரவிக்கைப் பிரிவில் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். அங்கே உட்காரக் கூடாது. இன்றைக்கும் அவள் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது.

மற்ற கடைக்காரர்களுக்கும் அதே கதிதான். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார்கள். "நீங்க எடுத்ததாலதானேம்மா நாங்க எடுத்தோம்!" மாமா அந்த வருஷம்தான் கார் வாங்கினார்.

இந்தப் போன் விஷயத்தை அம்மாவிடம் அன்றே சொல்லிவிட்டேன். காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இந்தத் தடவையாவது வெயில் வருமான்னு கேட்டியா?" என்றாள்.

தாம்பூலம் எடுத்த மறுநாள் காலை, வழக்கம்போல நான் போணிக்குக் கிளம்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினாள். "இவ இனிமே போணிக்கு வர மாட்டா. நேத்து நடந்தது என் கையால நடந்தது, இவ கையால இல்ல. நாளைக்கு எதுவும் கேக்கணும்னா என்னையத்தான் கேக்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நான் தெருவென்றும் பாராமல் அழுதேன். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பின்னால் அத்தனை பேர் வந்து கத்தியபோதும் ஒருவர் வாயிலும் என் கையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. அது ஏன் என்று யோசிக்கவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. ஊரே கொண்டாடிய என் கைராசி மேல் அம்மாவுக்குப் பொறாமை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.