மூடி டீச்சரின் கடைசிப் பக்கம்

சித்திக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூடி டீச்சர். இருபத்தாறு வருடமாகப் பாலர் வகுப்பில் அவள் கதை சொல்லும் முறையால் வந்த பெயர் அது. படப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பழுப்புத் தாளால் மூடி ஒட்டிவிடுவாள். கதை அங்கே வந்ததும், "இப்ப இவன் என்ன செய்யணும்?" என்று கேட்பாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்துவார்கள். சரியாகச் சொன்ன பிள்ளை வந்து தாளைப் பிரிக்கலாம். பொறுமைக்கு ஒரு புத்தகம், பகிர்ந்து தின்பதற்கு ஒன்று, உண்மைக்கு ஒன்று.

ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து அவள் வீட்டில் தங்கியிருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. அவளோடு பள்ளிக்குப் போய்க் கிழிந்த புத்தகங்களை ஒட்டிக்கொடுத்தேன்.

"உலகத்தையே அளந்துட்டு வந்தவளுக்கு ஒரு தாளை நேரா ஒட்டத் தெரியலையே."

"உலகமே கோணல்தான் சித்தி. பழகிடுச்சு."

"வாய் மட்டும் நேரா இருக்குடி உனக்கு."

ஒரு வியாழக்கிழமை உண்மைப் புத்தகத்தை எடுத்தாள். பூச்சாடியை உடைத்த பையன் அம்மா முன்னால் நிற்கிறான். "நான்தான்னு சொல்லணும்!" என்று முதலில் கத்தியது முன்வரிசைச் சிறுமி. பேச்சு நிற்காததால் சித்தி அவளை ரேடியோ என்பாள். ரேடியோ தாளைப் பிரித்தாள். உள்ளே அம்மா பையனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ரேடியோ பேசாமல் வந்தாள். இடது காது வீங்கியிருந்தது. கன்னத்தில் விரல் தடம்.

"அப்பா போனைக் கீழ போட்டுட்டேன். யாருன்னு கேட்டாரு. நான்தான்னு சொன்னேன்." பிறகு, அழாமல், "புத்தகத்துல அடிக்கலையே டீச்சர்?"

சித்தி அவளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"காலைல வாசல்லயே பார்த்தேன். இவ அப்பாவை வரச் சொல்லியிருக்கேன்," என்றார் தலைமையாசிரியை. "விளையாடும்போது விழுந்துட்டாள்னு பதிவேட்டுல எழுதிடுங்க."

"விழல மேடம், அடிச்சிருக்காங்க. குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லணும்."

"போன வருஷம் ஒரு பையனுக்காகச் சொன்னீங்களே. விசாரிக்க ஆள் வர்றதுக்குள்ள வீட்டையே காலி பண்ணிட்டாங்க. இப்ப அவன் எங்க? இவளையும் நிறுத்திட்டா? இங்க வந்தா ஆறு மணி நேரமாவது நம்ம கண்ணு முன்னாடி இருப்பா."

அந்தப் பையன் விட்டுப்போன தண்ணீர் பாட்டில் இன்னும் சித்தி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

ரேடியோவின் அப்பா வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பணிவான குரல். "என்ன டீச்சர், ஏதாவது பிரச்சனையா?"

"விளையாடும்போது விழுந்துட்டா சார்," என்றாள் சித்தி.

"பார்த்து விளையாடக் கூடாதாம்மா?" என்று மகளின் தலையைத் தடவினார். ரேடியோ அதுவரை சித்தியின் விரலைப் பிடித்திருந்தாள். அண்ணாந்து ஒருமுறை பார்த்தாள். விரலை விட்டுவிட்டாள்.

"ஏன் சித்தி?" என்றேன், வெளியே வந்ததும்.

"நீ பஸ் ஏறிப் போயிடுவ. திங்கக்கிழமை இவ வர்றாளான்னு வாசலைப் பார்த்துட்டு நிக்கப்போறது நான்."

திங்கட்கிழமை ரேடியோ வந்தாள். பிள்ளைகள் பூச்சாடிக் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். ஒன்றும் யோசிக்காமல் நான் புதுத் தாள் வேறு ஒட்டி வைத்திருந்தேன். சித்தி வாசித்தாள். சாடி உடைந்தது.

"இப்ப இவன் என்ன செய்யணும்?"

ரேடியோ எழுந்தாள். "விளையாடும்போது தானா விழுந்துடுச்சுன்னு சொல்லணும். டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க."

மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் முன்னால் வந்து தாளின் ஓரத்தில் நகத்தை வைத்தாள்.

"சரிதானே டீச்சர்? பிரிக்கட்டுமா?"

சித்தி அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. தாளிலிருந்து நகத்தை எடுத்துவிட்டு, ரேடியோ தானாகவே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மணி அடிக்கும் வரை புத்தகம் சித்தியின் மடியில் அப்படியே இருந்தது.