விண்ணப்பத்தில் தங்கை

டேலி சிட்டி முதியோர் இல்லத்தில் ஜெனலின் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். எடுத்த விடுமுறையை விரல் விட்டு எண்ணலாம். ஒரு நாள் கணவனை அடக்கம் செய்ய, ஒரு நாள் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுக்க. பிலிப்பைன்ஸுக்குப் பெட்டி பெட்டியாகச் சோப்பும் டின் கறியும் அனுப்பியது போதும், இனி ஆட்களையே வரவழைத்துவிடலாம் என்று மறுநாளே வக்கீல் அபாட் அம்மாளிடம் ஓடினாள். அம்மா நேனிதா, தம்பி ரோடல், தங்கை கிறிஸெல். மூன்று பேருடைய பிறப்புச் சான்றிதழ்களும் கையில் இருந்தன.

"அம்மா ஒன்றரை வருஷத்துல வந்துடுவாங்க. தம்பி, தங்கச்சிக்கு இருபது வருஷத்துக்கு மேல ஆகும்."

"கிறிஸெலுக்குப் பதினாறுதான் வக்கீலம்மா."

"வர்றப்ப நாற்பதை நெருங்கியிருப்பா. உன் பொண்ணா இருந்தா அம்மா மாதிரி சீக்கிரம் வரலாம். தங்கச்சிக்கு வரிசைதான்."

ஜெனலின் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "பொண்ணுதான்," என்றாள்.

ஜெனலின் பதினேழு வயதில் பெற்றவள் கிறிஸெல். அவளுடைய ஊரில் இது நடக்காத வீடு குறைவு. நேனிதா தானே பிள்ளைத்தாய்ச்சி போல ஆறு மாதம் தொளதொள கவுனில் கோயிலுக்குப் போய் வந்தாள். மருத்துவச்சி வாயைத் திறக்கவில்லை. பதிவேட்டில் தாயின் பெயர் நேனிதா என்று ஏறியது. யாரும் அதைப் பொய்யென்று நினைக்கவில்லை, பெண்ணின் பெயர் கெடாமல் காப்பாற்றியதாகத்தான் நினைத்தார்கள். காப்பாற்றிய லட்சணம் இது.

"நீ இங்க வர்றப்ப குழந்தை இருக்கான்னு கேட்டிருப்பாங்களே?"

"இல்லைன்னு எழுதினேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப மாத்தினா உன் குடியுரிமைக்கே ஆபத்து வரலாம். பொய்ப் பதிவுக்கு அங்க உங்கம்மா பதில் சொல்லணும். துணிஞ்சா கோர்ட்டுக்குப் போலாம். ஆனா முதல்ல அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்."

குடியுரிமை போனால் போகட்டும், சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் அன்று மாலை வீடியோ கால் செய்தாள். அங்கே காலை. நேனிதா சோற்றை வதக்கிக்கொண்டிருந்தாள். கிறிஸெல் பள்ளிச் சீருடையில் திரைக்கு முன் வந்து உட்கார்ந்தாள்.

"வக்கீல் என்ன சொன்னாங்க அக்கா?"

"அம்மா சீக்கிரம் வரலாமாம். உனக்கு நாளாகும்." ஜெனலின் போனை அருகில் இழுத்துக்கொண்டாள். "கிறிஸெல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

கிறிஸெலின் முகம் சுருங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியும், அம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போகப் போறே. வேண்டாம் அக்கா. உனக்கு அங்க வேலை இருக்கு, சம்பாத்தியம் இருக்கு. எனக்கு அம்மா மட்டும்தான். என் அம்மாவை எடுத்துக்காதே."

பெற்ற பிள்ளை தன்னிடமே தாயைக் கேட்டுக் கெஞ்சுகிறது.

"எடுத்துக்கலடி," என்றாள். "அம்மா உன்கூடவே இருப்பாங்க."

"சொல்லணும்னியே, அதுதானா?"

"அதுதான். ஸ்கூலுக்கு நேரமாச்சு, கிளம்பு."

அம்மாவின் விண்ணப்பத்தை அவள் அனுப்பவில்லை. தம்பிக்கு ஒன்று, கிறிஸெலுக்கு ஒன்று, இரண்டை மட்டும் நிரப்பினாள். பதினாறு வருடத்துக்கு முன்பு பதிவேட்டில் எழுதியது அம்மாவின் கை. இம்முறை யாரும் எழுதச் சொல்லவில்லை. உறவு என்ற கட்டத்தில் ஜெனலின் தன் கையாலேயே 'தங்கை' என்று எழுதினாள்.