பெரிய வெள்ளி உப்பு

லோட்டி நவாராவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். விஸ்கான்சினில், காகித ஆலை நாற்றம் ஓயாத எங்கள் சிற்றூரில், நாற்பது வருஷம் சாசேஜ் கடைக் கல்லாவில் முகம் கோணாமல் நின்றவள். "அவளைப் போல மனசு யாருக்கு வரும்" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

கடை அவள் மாமனார் வைத்தது. ஊரிலிருந்த போலந்துக் குடும்பங்களுக்கு அவர்கள் செய்யும் வெள்ளை சாசேஜ் இல்லாமல் ஈஸ்டர் விடியாது. அரைத்த கறியைக் குடலில் அடைத்த, புகை போடாத பச்சை சாசேஜ் அது. பெரிய வெள்ளியன்று செய்து, சனிக்கிழமை கூடையில் வைத்துக் கோயிலில் மந்திரித்து, ஞாயிறு காலை வேகவைத்துத் தின்பார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய வெள்ளியன்று சுத்தபோசனம், வாயில் கறி படக்கூடாது. ஆக, வருஷத்திலேயே அதிகம் விற்கிற சரக்கை ஒருத்தரும் ருசி பார்க்காமல்தான் செய்தாக வேண்டும். அதனால் உப்புப் போடுவது ஒரே கைதான் என்று வீட்டுச் சட்டம்.

அந்தக் கை முதலில் மாமனாருடையதாக இருந்தது. ஒரு வருஷம் அவர் ஒரே தொட்டிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டார். அப்போது தொடங்கிய மறதி, பெண்டாட்டியைப் பார்த்தே "யாரும்மா நீ" என்று கேட்பதில் போய் முடிந்தது. அவருக்குப் பிறகு உப்பு இளைய மகன் ஃப்ளோரியன் கைக்கு வந்தது. மூத்தவன் செஸ்டர், லோட்டியின் கணவன், கறி வெட்டுவதோடு சரி.

1981, பெரிய வெள்ளி, மணி பதினொன்றரை. பன்னிரண்டுக்குக் கடையைப் பூட்டிக் கோயிலுக்குப் போக வேண்டும். தொட்டியில் இருநூறு பவுண்டு கறி அரைத்தபடி கிடக்கிறது, ஃப்ளோரியனைக் காணோம். அவன் கட்டிக்கொள்ளப் போகிற டெல்ஃபின் பின்வாசலில் வந்து நின்றால் அவனுக்கு உலகமே மறந்துவிடும். லோட்டிக்குப் பொறுக்கவில்லை. மூட்டையிலிருந்து தானே உப்பை நிறுத்துப் போட்டுவிட்டாள். அதற்குள் முன்பக்கம் யாரோ கூப்பிட, ஓடினாள். திரும்பி வந்தபோது ஃப்ளோரியன் கறியைப் பிசைந்துகொண்டிருந்தான், பக்கத்தில் மாமியார் ஜெபமாலையும் கையுமாக.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்றாள் மாமியார்.

"டெல்ஃபின் வந்தாம்மா. கோயில்ல சிலுவைப்பாதை ஜெபத்துக்கு வர்றியான்னு கேட்டா."

"அதைக் கேக்க அரை மணி நேரமா? ஆண்டவரே அதுக்குள்ள சிலுவையோட மலை ஏறியிருப்பாரு."

"அண்ணி, சிரிச்சுக்கிட்டு நிக்காதீங்க, குடலை எடுங்க."

லோட்டி சிரிக்கவில்லை. 'உப்புப் போட்டாயா?' என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் தான் போட்டதும் வெளியே வரும். மருமகள் உப்பு டப்பாவைத் தொட்டதற்கு மாமியாரிடம் முன்பே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு சிட்டிகை கறியை நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும், ஆனால் பெரிய வெள்ளியாயிற்றே. அன்றைக்குப் பக்தி அவளுக்கு ரொம்ப வசதியாக வாய்த்தது. 'அவன் போட்டிருக்க மாட்டான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குடலை எடுத்தாள்.

ஈஸ்டரன்று ஊரே குடம் குடமாகத் தண்ணீர் குடித்தது. மந்திரித்த பண்டத்தைக் குப்பையில் போடக்கூடாது, அதனால் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்று தீர்த்தார்கள். "ஏன் லோட்டி, இந்த வருஷம் கடல் தண்ணியையே குடல்ல அடைச்சிட்டீங்களா?" என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

"ஒரு தடவைதாம்மா போட்டேன். நல்லா ஞாபகம் இருக்கு," என்றான் ஃப்ளோரியன்.

"உங்கப்பாவும் இப்படித்தான் சொன்னாரு," என்றாள் மாமியார்.

ஃப்ளோரியன் முகம் வெளிறிப்போனதை லோட்டி பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் போகட்டும், மாமியார் கோபம் தணியட்டும் என்று இருந்தாள். அந்த இரண்டு நாளுக்குள் அவன் டெல்ஃபினிடம் போய்க் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். மறு மாதமே கடையை விட்டுக் காகித ஆலையில் சேர்ந்தான். ஒரு கல்யாணத்தையே உடைத்த பிறகு எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த பாவசங்கீர்த்தனத்தில், "ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன் சாமி," என்று மட்டும் சொன்னாள். என்ன விஷயம் என்று பாதிரியாரும் கேட்கவில்லை, பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவ்வளவு சல்லிசாகத் தப்பித்ததுதான் பிறகு அவளை அரித்தது.

டெல்ஃபின் வேறொருவனைக் கட்டிக்கொண்டு மின்னசோட்டாவுக்குப் போனாள். மாமியார் கண்ணை மூடினாள். போன குளிர்காலத்தில் செஸ்டரும் போனான். அடக்கம் முடிந்த மறுவாரம், தனியாகக் கிடக்கிற கொழுந்தனுக்கு சூப் கொண்டுபோனாள் லோட்டி. அவனுக்கு இப்போது அறுபத்தேழு வயது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காகிதம், முத்து முத்தான எழுத்தில் பெயர்கள். 'லோட்டி: அண்ணி, செஸ்டரின் மனைவி. நல்லவள், நம்பலாம்.'

"என்ன இது, ஃப்ளோரியன்?"

"அப்பாவுக்கு வந்தது எனக்கும் வரும்ல அண்ணி. அன்னைக்குப் பார்த்துப் படிச்சுக்க வேணாமா? தினம் காலையில ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். இன்னும் ஒண்ணும் தப்பலை."

லோட்டி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒண்ணும் வராது. அந்தப் பெரிய வெள்ளிக்கு நீ உப்பு ஒரு தடவைதான் போட்ட. இன்னொண்ணு நான் போட்டேன். நீ வர்றதுக்கு முன்னாடி. அத்தைக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

சூப் ஆறிப்போய் மேலே கொழுப்பு படிந்தது.

"கல்யாணத்தை நிறுத்த வேணாம்னு எங்கிட்ட டெல்ஃபின் அழுதா, அண்ணி. 'உன்னை யாருன்னே தெரியாத ஒருத்தன்கூட எப்படி இருப்பே, போயிடு'ன்னு நான்தான் துரத்தினேன்."

"தெரியும்."

"முப்பத்தெட்டு வருஷமா மறதி வந்துருமோ, வந்துருமோன்னு பயந்து செத்தேன். இப்போ வந்தாத் தேவலை."

லோட்டி எழுந்திருக்கவில்லை. போ என்று அவனும் சொல்லவில்லை.