மச்சானுக்கு நான் பிடித்த கயிறு

பம்பாய்க்காரர் எங்கள் ஊருக்கு வந்தபோது மழை விட்டு, கடல் தெளிந்திருந்தது. போர்ட் பிளேரிலிருந்து ஜீப்பில் வந்தார். பின்னால் சிலிண்டர்களைப் போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றி வருவதுபோல் அலுங்காமல் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் காற்று அடைக்கும் மோட்டார் ஒன்று. பணக்காரர்களைக் கூட்டி வந்து கடலுக்கு அடியில் மீன் காட்டுவதற்கு எங்கள் கடற்கரை ஏற்ற இடமா என்று பார்க்க அவரை யாரோ அனுப்பியிருந்தார்கள்.

"மீனப் பாக்கணும்னா மார்க்கெட்டுக்குப் போனாப் போதுமே. எதுக்கு இவ்வளவு தூரம் வந்து தண்ணிக்குள்ள எறங்கணும்?" என்றார் டீக்கடை பாய்.

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எங்கள் ஊரில் கடலுக்குள் முங்குகிற இரண்டே பேர் நானும் என் மச்சானும்தான். சிரித்தபடியே நாங்கள் இருவரும் சிலிண்டரையும் ஒருவர் முகத்தை ஒருவரும் பார்த்துக்கொண்டோம். பம்பாய்க்காரருக்குத் தன்னோடு கடலில் இறங்க உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்பது ஜீப் நின்ற சிறிது நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஊர் அவருக்குப் பிடித்துவிட்டால் அந்த ஆளுக்கு அது நிரந்தர வேலை.

அது எனக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் மீசை முளைக்கும் முன்பே சங்கு குளிக்க இறங்கியவன் நான். பள்ளிக்கூடத்தில் பாதி, கடலில் பாதி என்று இருந்து, பிறகு இரண்டும் போதும் என்று அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவன். போர்ட் பிளேர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். கேம்பல் பேயில் ரோடு போட்டேன். அங்கே காய்ச்சல் வந்து பிழைத்தேன், கூட வந்த சிலர் பிழைக்கவில்லை. அதன் பிறகுதான் பொத்தான் செய்யும் கூம்புச் சிப்பி எடுக்கும் படகுக்கு வந்து சேர்ந்தேன். இடது காதில் சீழ் வைத்து, பிறகு அந்தக் காது கேட்காமலே போயிற்று. முங்குகிறவனுக்கு அது சகஜம். மூச்சு மட்டும் குறையவில்லை. நான் கீழே இருக்கும் நேரத்தில் மேலே ஒருவன் பீடி பற்றவைத்துப் பாதிக்கு மேல் இழுத்துவிடலாம்.

மச்சானுக்கு மூச்சு கிடையாது. அவர் இறங்கினால் போன வேகத்தில் தவளைபோல் மேலே வந்துவிடுவார். அதனால் படகில் அவர் வேலை எனக்குக் கயிறு பிடிப்பது. அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. எங்கள் பக்கம் முங்குகிறவன் இடுப்புக் கயிற்றை அண்ணன் தம்பி கையில்கூடக் கொடுக்கமாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கலாம். தன் தங்கை தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான். இந்தக் கணக்கில்தான் நான் அவர் தங்கையைக் கட்டிய வருடத்திலிருந்து அவர் எனக்குக் கயிறு பிடித்தார். நான் இழுத்தால் இழுப்பார். நான் இழுக்காமல் நேரமானாலும் இழுத்துவிடுவார்.

பம்பாய்க்காரர் எங்கள் இருவரையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்திப் பரீட்சை வைத்தார். முதலில் நான். சிலிண்டரை முதுகில் மாட்டி, ரப்பர் முனையை வாயில் கடிக்கக் கொடுத்து, தண்ணீருக்குள் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். தண்ணீர் தலைக்கு மேல் மூடியதும் என் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தண்ணீர் வந்தால் பூட்டு, மேலே வந்தால் திற. வாய்க்குள் காற்று காத்திருக்கிறது, நான் அதைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் என் தோளைத் தட்டினார். பிறகு பிடித்துத் தூக்கினார்.

"ஸான்ஸ் லோ, பாய்! ஸான்ஸ் க்யோ ரோக்தா ஹை?"

"மூச்சு விடச் சொல்றாரு மாப்ள. ஏன் அடக்கிறேன்னு கேக்கிறாரு" என்றார் மச்சான் கரையிலிருந்து. ஹிந்தி எனக்கும் புரியும். ஆனாலும் சொன்னார்.

மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி பூட்டிக்கொண்டது. வம்படியாகத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தேன், அதையும் சங்கு எடுக்கப் போகிறவன்போல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க இதுதான். மறுநாளும் இதுதான். பம்பாய்க்காரர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஆழத்தில் இந்தக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல் பலூன் மாதிரி வெடித்துவிடும், இந்த ஆளை என்னால் கூட்டிப்போக முடியாது என்றார்.

மச்சான் உட்கார்ந்த உடனேயே குமிழி வந்தது. கொதிக்கிற உலைபோல விடாமல் வந்தது. மூச்சை அடக்கத் தெரியாதவருக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

"என்ன மாப்ள, என் மூச்சப் பாத்துச் சிரிச்சியே. இப்ப பாரு, பம்பாய்க்கே பிடிச்சிருக்கு" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் இருவரும் படகில் போனார்கள். சாயங்காலம் டீக்கடையில் மச்சான் வந்து உட்கார்ந்தால் பெங்காலிகளும் தெலுங்கர்களும் ராஞ்சி ஆட்களும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கீழே உட்கார்ந்து மீனைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது, நான் அசையவில்லை, அதுவும் அசையவில்லை என்பார். இதே மனிதர் ஒரு மீனையாவது கடலுக்குள் நின்று பார்த்தவர் இல்லை. எத்தனை வருடம் நான் இறங்கியிருக்கிறேன், எனக்கு மீன் என்றால் கண்ணோரத்தில் ஓடும் வெள்ளைக் கோடு. கண் சிப்பியைத் தேடும், நெஞ்சு நேரத்தைத் தேடும், மீனுக்கு ஏது நேரம்? அவர் உட்கார்ந்து பார்க்கிறார். பாய் அவருக்கு டீயில் பாலாடை போட்டுக் கொடுத்தார். எனக்கு எப்போதும்போல.

வீட்டில் மனைவியிடம் சிடுசிடுத்தேன். "அண்ணனுக்கு ஒரு நல்லது நடந்தா உங்களுக்கு ஏன் குழம்பு கசக்குது?" என்றாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் ஊர் பம்பாய்க்காரருக்குப் பிடிக்கவில்லை. மச்சான் காட்டிய இடமெல்லாம் எங்கள் சிப்பிப் பாறைகள். அவற்றை நாங்களே சுரண்டித் தீர்த்திருந்தோம். ஒரு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் காலை நீட்டிக்கொண்டு, கடல் நல்ல கடல்தான், ஆனால் இதைப் பார்க்க யாரும் கப்பலேறி வரமாட்டார்கள், வேறு தீவுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

"குச் நஹி, சாப். இங்க ஒண்ணும் கிடையாது" என்று மச்சானும் தலையாட்டினார். சொல்லும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. சிப்பிப் படகும் அந்த வருடத்தோடு நிற்கப்போகிறது என்ற பேச்சு இருந்தது. அவருக்கு மூன்று பெண்கள்.

வேலை அவருக்குப் போகப்போவதில்லை என்று தெரிந்தபோது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அந்த 'ஒண்ணும் கிடையாது' அதைக் கெடுத்துவிட்டது. இரண்டு வாரம் இறங்கியவர் என் கடலில் ஒன்றும் இல்லை என்கிறார்.

ஒரு இடம் இருந்தது. தெற்கு முனையைத் தாண்டி, தண்ணீருக்குள் நிற்கும் ஒரு பெரும்பாறை. அதன் அடியில் பாறை குடைந்து ஓர் அறைபோல் இருக்கும். வாசலில் சின்ன வெள்ளி மீன்கள் திரை கட்டித் தொங்கும். கையை நீட்டினால் திரை விலகும். உள்ளே ஆளுயரத்துக்குச் சிவப்பு விசிறிகள், செடியா பிராணியா தெரியாது, சுவரெல்லாம் முளைத்திருக்கும். சிப்பி கிடையாது. அதனால் அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, கயிறு பிடித்த மச்சானிடம்கூட. சிப்பி இல்லாத இடத்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடைசி முங்கலை அங்கேதான் முங்குவேன். வாசல்வரை போய், ஒரு பார்வை பார்த்து, திரும்பிவிடுவேன். அதற்கு மேல் மூச்சு விடாது. என் கயிற்றில் அந்த அளவுக்கு ஒரு முடிச்சுப் போட்டிருந்தேன்.

"இருக்கு. நாளைக்கு நான் காட்டுறேன்" என்றேன்.

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எங்க மாப்ள? எனக்குத் தெரியாம எங்க இருக்கு?"

"ஒமக்குத் தெரியாது, மச்சான்."

அதைச் சொன்னபோது கிடைத்த சுகத்துக்காகவே காட்டலாம் என்று இருந்தது.

வீட்டில் இதைக் கேட்டதும் மனைவி பிடித்துக்கொண்டாள். புது இடம், பாறைக்குள் நுழைகிற இடம், அண்ணன் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது. அதை நான்தான் பிடிக்க வேண்டும். "அண்ணிக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்றாள்.

சிலிண்டருக்குக் கயிறு வேண்டாம், குகைக்குள் கயிறு சிக்கும் என்றார் பம்பாய்க்காரர் காலையில். மச்சான் கேட்கவில்லை. தங்கை சொல்லிவிட்டாள். என் கயிற்றையே இடுப்பில் சுற்றி, நுனியை என்னிடம் நீட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"மாப்ள, என் தங்கச்சிக்காக நான் உன்ன விடாமப் பிடிச்சேன். நான் போனா உனக்கு என்ன நஷ்டம்?"

"ஒம்ம மூணு பொண்ணும் எங்க வீட்டுக்கு வந்துரும். அரிசிக்கு நான் எங்க போவேன்? எறங்கும்" என்றேன். படகோட்டியான தெலுங்கர் வாய்விட்டுச் சிரித்தார்.

முனையில் நிற்கும் ஒற்றை மரத்தையும் பின்னால் இருக்கும் மலையின் பள்ளத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் படகை நிறுத்தினேன். நங்கூரக் கல்லைப் போட்டோம். பம்பாய்க்காரர் முன்னால் போனார், மச்சான் பின்னால். இரண்டு குமிழிக் கொத்துகள் மேலே வந்தன. கயிறு என் உள்ளங்கை வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

படகில் உட்கார்ந்து கயிறு விடுவது எனக்குப் புதிது. எப்போதும் மறுமுனையில் இருந்தவன். ஈரக் கயிறு சர்சர் என்று போனது, பிறகு மெதுவாகப் போனது, பிறகு என் முடிச்சு கைக்கு வந்தது. அங்கே நிற்கும் என்று விரலை மடக்கி வைத்திருந்தேன். நிற்கவில்லை. முடிச்சு விரலில் இடித்து, ஏறி, தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்குப் பின்னாலும் கயிறு போனது. அவர் உள்ளே போகிறார். நான் வாசலில் நின்று திரும்பிய இடத்துக்குள், டீக்கடைக்குப் போகிறவர்போல் நடந்து போகிறார்.

கயிறு தீரப்போகிறது. நான் பிடித்துக்கொண்டால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். கை பிடிக்கத்தான் பார்த்தது. படகைக் கரையில் கட்ட மூக்கில் வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து இதன் நுனியோடு சேர்த்துக் கட்டினேன். அதுவும் போனது.

அப்போது குமிழிகள் நின்றன.

கயிறும் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. "கீஞ்சோ, பாய், கீஞ்சோ!" என்று கத்தினார் படகோட்டி. இழு என்றுதான் எனக்கும் கைகள் சொல்லின. இத்தனை வருடம் எங்களுக்குத் தெரிந்தது அதுதானே, நேரமானால் இழு. ஆனால் இப்போது இழுத்தால் பாறை விளிம்பில் கயிறு அறுபடும், அல்லது அவர் முதுகுச் சிலிண்டரை எங்கேயாவது மோதவைக்கும். உள்ளே இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்பது எனக்குத் தெரியாது. குமிழிதான் அவர் உயிர் என்று அத்தனை நாளில் கண் பழகியிருந்தது. மனைவி முகம் வந்தது. அவருடைய பெண்கள் வந்தார்கள். அந்த நேரத்தில்கூட, அவர் உள்ளே என்ன பார்க்கிறாரோ என்ற எரிச்சலும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. நான் இழுக்கவில்லை. கயிறு தொய்யாமல், இறுகாமல், முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

படகோட்டிதான் முதலில் பார்த்தார். பாறைக்கு அந்தப் பக்கம், நாங்கள் யாரும் பார்த்துக்கொண்டிருக்காத பக்கத்தில், குமிழிகள் பொங்கி வந்தன. பாறையின் கூரை அவற்றை அதுவரை பிடித்து வைத்திருந்திருக்கிறது.

மச்சான் போன வழியே திரும்பி மேலே வந்ததும் ரப்பரைத் துப்பிவிட்டுப் பேச ஆரம்பித்தார். பம்பாய்க்காரரும் பேசினார். இருவரும் ஹிந்தியில் ஒரே நேரத்தில், குழந்தைகள்போல். இந்த ஊர்தான், வேறு எங்கும் போக வேண்டாம் என்றார் பம்பாய்க்காரர். மச்சானின் முதுகில் தட்டினார். எனக்கும் கை கொடுத்தார்.

மச்சான் படகில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, கண் மட்டும் பளபளத்தது.

"நீ சொன்னத விடப் பெருசு மாப்ள. உள்ள போகப் போக விரியுது. அந்தப் பக்கம் வாசல் ஒண்ணு இருக்கு, நீலமா வெளிச்சம் வருது பாரு, கோயில் மாதிரி. நீ அதப் பாத்திருக்கேல்ல?"

"பாத்திருக்கேன்" என்றேன்.

அதற்கு இன்னொரு வாசல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் மூச்சு முடிந்த இடத்தை அந்த அறையின் சுவர் என்று எண்ணியிருந்தேன்.

கரைக்குத் திரும்பும் வழியெல்லாம் இரண்டு கயிறுகளையும் பிரித்துச் சுருட்டினேன். இரண்டையும் சேர்த்த முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் எடுக்க முடிந்தது. கரை தொட்டதும் படகோட்டி முன்னால் ஓடி ஊருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டார். பாய் மச்சானைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் நிற்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மனைவி வாசலிலேயே நின்றாள். தூரத்தில் டீக்கடையில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நல்லாப் பிடிச்சீங்களாம். படகுக்காரர் சொன்னாரு" என்றாள். பிறகு மெதுவாக, "அந்தப் பக்கம் ஏதோ வெளிச்சமாமே. நீங்களும் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"கயிறு எட்டலை" என்றேன்.